ஒரே வீட்டில் அடுக்கிய இரண்டு பைகள்

அன்பு மகனுக்கு,

போனில் இதைச் சொல்ல நான் நாலைந்து தடவை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் நீ, "அம்மா, அது முடிஞ்ச கதைதானே, அப்பா நல்லாத்தானே இருக்கார்" என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய். அப்பாவிடம் தொடங்கினால், வட்டையில் தண்ணீர் பார்க்கவேண்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுகிறார். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன். ஒரே மூச்சில் வாசி. பாதியில் எனக்குப் போன் எடுக்காதே.

போன வருடம் தை மாதக் கடைசியில் நீ மெல்பேர்ணிலிருந்து வீடியோவில் வந்து, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பலில் எனக்கு இடம் எடுத்துவிட்டதாகச் சொன்ன நாளை நினைத்துப் பார். முப்பத்தொரு வருடம் தாதியாக நின்று ஓய்வுபெற்ற அம்மாவுக்கு மகன் தரும் பரிசு என்றாய். கொழும்புக்கு அப்பால் போகாதவள் நான். ஐந்து நாள் கடலில் மிதப்பது என்றதும் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். தேற்றாத்தீவில் நான் சொல்லாத வீடு இல்லை. "ஒரு சின்னப் பை மட்டும் அம்மா. ஏழு கிலோவுக்கு மேல வேணாம். அங்க நல்ல வெக்கை, மெல்லிசு உடுப்புக் காணும்" என்றாய். நான் ஆறு சேலையைக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தேன். நீ போனுக்குள் இருந்துகொண்டே நாலைத் திரும்ப அலுமாரிக்கு அனுப்பினாய். காத்தான்குடிக்குப் போய்ப் பருத்திச் சல்வார் மூன்று வாங்கி வந்தேன். மடிக்காமல் சுருட்டி வைக்கச் சொன்னாய். இடமும் மிஞ்சும், கசங்கவும் மாட்டாது என்று. தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுக்கச் சொல்லி, மருந்துப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் ஊற்ற வைத்தாய். பயற்றம் உருண்டை வேண்டாம், கருவாடு வேண்டவே வேண்டாம், இரண்டாவது செருப்பு வேண்டாம், வெயிலுக்கு ஒரு தொப்பி கட்டாயம் வேண்டும். பிரசர் குளிசையைக் கைப்பையில் வைக்கச் சொன்னாய். நான் எவ்வளவு சிரித்தேன் அன்று!

அப்பா கட்டிலின் மற்றப் பக்கத்தில் இருந்து, நீ வேண்டாம் என்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அப்பால் வைத்துக்கொண்டிருந்தார். என் பிரசர் மெசினை அவர் எடுத்தபோது, "அது இருக்கட்டும்" என்றேன். "பாரம் புள்ள. கப்பல்ல டொக்டர் இருப்பார்தானே" என்றார். பிறகு நெல் நிறுக்கிற தொங்கு தராசைக் கொண்டுவந்து யன்னல் கம்பியில் மாட்டி, என் பையைத் தூக்கிப் பார்த்து, "ஆறு கிலோ எண்ணூறு" என்று சத்தமாக அறிவித்தார். நாற்பது வருடம் கணக்குப் படிப்பித்த மனுசன், பரீட்சை முடிவு வாசிப்பதுபோல. நீ அங்கே கைதட்டினாய். மூன்று பேரும் சேர்ந்து சிரித்த கடைசி நாள் அது என்று எனக்கு அப்போது தெரியாது. உங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அவரையும் வரச்சொல்லி நான் கேட்காமல் இல்லை. வெள்ளாமை வெட்டு நேரம், வெட்டு மெசின்காரன் எந்த நாளில் வருவான் என்று சொல்ல ஏலாது, இந்த நேரத்தில் வயலை விட்டுவிட்டு எப்படி வருவது என்றார். அது எனக்கு நியாயமாகப்பட்டது. என்னை விமானநிலையத்தில் விட மட்டும் வாடகை வான் வண்டியில் கூட வந்தார். என் காலடியில் ஒரு உரப்பை கிடந்தது. கொழும்பில் இருக்கும் தன் தங்கச்சிக்கு, உன் மாமிக்கு, வீட்டு அரிசி என்றார். தேற்றாத்தீவிலிருந்து கட்டுநாயக்கா வரைக்கும் அந்தப் பையின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நான் போனேன். உள்ளே போகும் வாசலில், அவர் ஒருநாளும் செய்யாத வேலையாக, எல்லாருக்கும் முன்னால் என் கன்னத்தைத் தொட்டார். "கவனமாப் போய்ட்டு வா. கடல நல்லாப் பார்" என்றார். கப்பலில் போகிற சந்தோசத்தில் நான் திரும்பிக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை.

சிங்கப்பூரில் நீ வந்து சேர்ந்தாய். கப்பல் ஏறினோம். பொய் சொல்லமாட்டேன், அந்த முதல் நாள் என் வாழ்க்கையில் இருந்த நல்ல நாட்களில் ஒன்று. இரண்டாம் நாள் காலை, மேல்தட்டில் வெயில் நன்றாக ஏறிய பிறகு, தொப்பியும் போட்டு ஐஸ்கிரீமும் கையில் வைத்துக்கொண்டு நான் சிரிக்க, நீ ஒரு படம் எடுத்தாய். அந்தப் படத்தில் பதினொரு மணி என்று பதிவாகியிருக்கிறது. அங்கே பதினொன்று என்றால் கொழும்பில் எட்டரை. உன் அப்பாவை ஒப்பரேசனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போன நேரம் அதுதான் என்று மாமி பிறகு சொன்னாள். அந்தப் படத்தை நீ உன் பேஸ்புக்கிலும் போட்டாய். இன்னும் அது அங்கேதான் கிடக்கிறது. இந்தக் கடிதத்தில் நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான் என்றால், அதை எடுத்துவிடு.

அன்று முழுக்க நீ போனைக் கையிலிருந்து இறக்கவில்லை. "கடலப் பாரு மனே, போனத்தான் மெல்பேர்ணிலயும் பார்க்கிறாயே" என்று உன்னை நான் ஏசினேன். பின்னேரம் மூன்று மணி இருக்கும், கழிப்பறைக்குப் போகிற அவசரத்தில் போனைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனாய். அது அதிர்ந்தது. மாமியின் பெயரில் ஒரு குரல் செய்தி வந்திருந்தது. அப்பா ஊருக்குப் போய்ச் சேர்ந்த செய்தியாக்கும் என்று நினைத்துத்தான் அழுத்தினேன். அவள் குரல் வந்தது. "தம்பி, ஒப்பரேசன் முடிஞ்சிட்டு. கிட்னி ஒண்ட எடுத்துட்டாங்க. கட்டி வெளியால பரவல்ல எண்டு டொக்டர் சொல்றார். அண்ணன் இன்னும் கண் முழிக்கல்ல. மச்சாளுக்கு ஒண்டும் தெரியாதுதானே? நீ மூஞ்சையில காட்டிப்போடாத."

அதை நான் மூன்று தடவை போட்டுக் கேட்டேன். எனக்குச் சொல்லப்பட்டது அரிசி, வெள்ளாமை, கப்பல். நடந்தது கிட்னி, கட்டி, கத்தி. நீ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது நான்காம் தடவையாக அவள் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தின நாளா உனக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"மார்கழியில இருந்து."

"மார்கழி!"

"அப்பா என்னட்டச் சத்தியம் வாங்கிட்டார் அம்மா. நீங்க அழுதுகொண்டு நிண்டா தன்னால அந்த மேசையில படுக்க ஏலாதாம். உங்களுக்கும் பிரசர். எங்கயாவது தூரத்துக்கு அம்மாவக் கூட்டிட்டுப் போ எண்டு அவர்தான் கேட்டவர்."

"அப்ப இந்தக் கப்பல்?"

நீ என் கையிலிருந்த போனை வாங்கி நிறுத்தினாய். பரிசு என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது, என்னை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவதற்கு நீங்கள் இரண்டு பேரும் கண்டுபிடித்த வழி என்று அப்போதுதான் விளங்கியது.

மகனே, நான் யார் என்று உனக்குத் தெரியும். எத்தனை பேரை நான் ஒப்பரேசனுக்கு அனுப்பியிருக்கிறேன்! மோதிரத்தைக் கழற்றிப் பெண்சாதியின் கையில் கொடுத்து, கட்டுப் பல்லைக் கழற்றிக் கோப்பையில் போட்டு, "பயப்படாதீங்க, நான் வாசல்லதான் நிக்கிறன்" என்று பெயர் தெரியாத எத்தனை மனுசருக்குச் சொல்லியிருக்கிறேன்! என் புருசனுக்கு மட்டும் அதைச் சொல்ல எனக்குக் கிடைக்கவில்லை. நான் அழுவேன் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அழுதிருப்பேன்தான். அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு, டொக்டரிடம் கேட்கவேண்டியதைக் கேட்டிருப்பேன்.

நான் கப்பலிலிருந்து இறங்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நீ என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் கீழே விசாரித்தாய். எங்கள் பாஸ்போட்டோடு இடையில் இறங்கி அங்கிருந்து விமானம் ஏறுவது நடக்காத காரியம் என்று அந்தப் பெண்பிள்ளை பணிவாகச் சொன்னாள். மிச்ச மூன்று நாளும் நான் கபினுக்குள் கிடந்தேன். நீ தட்டில் சாப்பாடு கொண்டுவந்து வைப்பாய், பிறகு அப்படியே எடுத்துக்கொண்டு போவாய். மறுநாள் மத்தியானம் அவரோடு பேசவைத்தாய். கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல ஒரு குரல். "சாப்பிட்டியா? கப்பல் எப்பிடி?" என்று கேட்டார். எனக்கு எவ்வளவோ கேட்க இருந்தது. வாயிலிருந்து வந்ததோ, "காய்ச்சல் இருக்கா? யூரின் எவ்வளவு போகுது?" என்பதுதான். அவர் சிரிக்கப் பார்த்து, தையல் இழுத்து, "ஐயோ" என்றார். நான் போனை உன்னிடம் தந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

கட்டுநாயக்காவிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். கப்பல் தொப்பி என் கையில் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் நன்றாக மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் குற்றம் செய்த பொடியன்போல முழித்தார். மாமி தன் பேர்சைத் திறந்து அவருடைய கலியாண மோதிரத்தை எடுத்து, "உங்கட கையில குடுக்கச் சொன்னவர் மச்சாள்" என்றாள். உள்ளே போகும்போது கழற்றி அவளிடம் கொடுத்திருக்கிறார். நான் அதை வாங்கினேன். கட்டிலுக்குக் கீழே ஒரு பை இருந்தது. அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை மாற்றலாம் என்று அதைத் திறந்தேன்.

அந்தப் பையைப் பற்றி உன்னிடம் நான் இதுவரை சொல்லவில்லை. துவாயின் மடிப்பிலெல்லாம் அரிசி ஒட்டியிருந்தது. அந்த உரப்பைக்குள் அரிசிக்கு நடுவில் புதைத்து வைத்துத்தான் அதை அவர் கொண்டுவந்திருக்கிறார். என் காலுக்குக் கீழேதான் அது கிடந்திருக்கிறது. உள்ளே என் பிரசர் மெசின் இருந்தது. வெளிக்கிடும்போது போடுகிற நீளக் காற்சட்டை இரண்டு இருந்தது. விலாவில் அரை முழத்துக்குத் தையல் போட்ட மனுசன் அதை எப்படிப் போடுவது? சாரம் ஒன்றே ஒன்று. கரண்டி இல்லை, கோப்பை இல்லை, முன்பக்கம் திறக்கிற சேட் ஒன்றுகூட இல்லை. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவருடைய எழுத்தில் ஒரு பட்டியல். தலைப்பில் உன் பெயர், பக்கத்தில் "சொன்னது" என்று எழுதியிருந்தது. எனக்குக் கப்பலுக்குப் பட்டியல் சொன்ன அதே கிழமை, அவருக்கு ஆஸ்பத்திரிக்கும் நீயே பட்டியல் சொல்லியிருக்கிறாய். ஒரே வீட்டில், இந்த அறையில் ஒரு பையும் அந்த அறையில் ஒரு பையும். ஆஸ்பத்திரிக்கு என்ன கொண்டுபோகவேண்டும் என்று முப்பத்தொரு வருடம் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள், பக்கத்து அறையில் சல்வாரைச் சுருட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வேறு எதையும் மன்னித்துவிடலாம்போல இருக்கிறது. அந்தப் பையை அவர் தனியாக, தெரியாத்தனமாக, பிழையாக அடுக்கியிருக்கிறாரே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் பிழையையும் எழுதத்தான் வேண்டும். கார்த்திகையிலிருந்து அவர் கக்கூசுக்குப் போனால் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். இரத்தத்தைக் கழுவியிருக்கிறார். தாதியான நான் அதைக் கேட்டுக்கொண்டே கறிக்கு வெங்காயம் அரிந்திருக்கிறேன். ஓய்வூதிய அலுவல் என்று இரண்டு தரம் கொழும்புக்குப் போனார். என்ன அலுவல் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்னுமொன்று. இந்த வித்தையை உனக்குப் படிப்பித்தவளே நான்தான். நீ மட்டக்களப்பில் தங்கி ஏ.எல். சோதனை எழுதும்போது, மூன்றாம் பாடத்தன்று உன் மாமா, என் தம்பி, செத்துப்போனான். நான் விடுதிக்குப் போன் எடுத்து, ஒருத்தரும் உனக்குச் சொல்லக்கூடாது என்று கெஞ்சினேன். நீ என்னிடம் "மாமா எங்க?" என்று கேட்டபோது, "வயலுக்குப் போய்ட்டான்" என்றேன். அப்போது அவனுக்கு எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவும் முடிந்திருந்தது. சோதனை முடிந்து வந்தவன் பையைக்கூட வைக்காமல் மாமா வீட்டுக்குப் போய், சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தாய். "என்னச் சின்னப்புள்ள எண்டு நினைச்சீங்களா அம்மா? எனக்கும் அவர் மாமாதானே" என்றாய். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. இனி ஒன்றையும் உனக்கு மறைக்கமாட்டேன் என்று உன் தலையில் கைவைத்துச் சொன்னேன். அந்தக் கை திரும்ப என் தலைக்கும் ஒருநாள் வரவேண்டும் என்று நான் கேட்டுவைக்காமல் போனேன்.

வார்ட்டிலும் அப்படித்தான். வெளியில் நிற்கும் சொந்தக்காரர் என் கையைப் பிடித்து, "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதீங்க மிஸி" என்பார்கள். நான் தலையாட்டுவேன். உள்ளே போனால் அந்த மனுசி, "மிஸி, எனக்கு என்ன வருத்தம்?" என்று என் முகத்தையே பார்ப்பாள். நான் தலையணையைச் சரிசெய்வேன். பெரிய உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தலையணையில் படுத்திருப்பவளுக்கு எப்படி இருக்கும் என்று, கப்பலில் அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இவ்வளவுதான்: நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள், அவளுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று அவளைக் கேளாமல் முடிவு எடுத்துவிடாதே. அது பாசத்திலிருந்துதான் வரும். ஆனாலும் எடுக்காதே.

ஊருக்கே தெரிந்திருந்தது மகனே. வெட்டு மெசின்காரனுக்குத் தெரியும், வயலைப் பார்த்துக்கொண்ட அடுத்த வீட்டுக்காரனுக்குத் தெரியும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்குப் போனேன். தீர்த்தக் கரையில் சனத்துக்குள் நிற்கும்போது, தெரிந்த பொம்பிளை ஒருத்தி வந்து, "கணக்குச் சேருக்கு ஒப்பரேசன் நடக்கக்குள்ள நீங்க கப்பல்ல நிண்டீங்களாமே மிஸி?" என்று கேட்டாள். கெட்ட மனத்தோடு கேட்கவில்லை. நான் ஈரச் சேலையோடு நின்று, "ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது? எல்லாம் நல்லபடி முடிந்ததே, பிறகு என்ன கோபம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நல்லபடி முடிந்ததால் எனக்குக் கோபப்படும் உரிமையும் இல்லாமல் போய்விட்டது. கட்டி கிட்னியோடு போய்விட்டது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், அப்பா திரும்ப வரம்பில் நடக்கிறார். அதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். அதற்காக உங்கள் இரண்டு பேருக்கும் நன்றி சொல்லச் சொல்லாதே.

உன்னுடைய பக்கமும் எனக்குத் தெரியாமல் இல்லை. கப்பலில் முதல் நாள் நீ குளிக்கப் போய் வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டு நின்றிருக்கிறாய். வெளியே வந்து எனக்குத் தொப்பி மாட்டிவிட்டாய். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நீ தனியாக நின்றாய். அது முப்பத்தொரு வயதுப் பிள்ளை தூக்குகிற சுமை இல்லை. அதை உன் தலையில் ஏற்றியதற்காக அப்பாவிடமும் எனக்குக் கோபம் இருக்கிறது.

இப்போது, இந்தக் கடிதத்தை இன்றைக்கே எழுதவேண்டி வந்த காரணம். பதினொரு நாளுக்கு முன் குளிக்கும்போது, இடது கையைத் தூக்கிச் சோப் போட, கமக்கட்டுக்குள் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பாக்களவு. நோவில்லை. நோகாத கட்டி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா தேத்தண்ணி கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன், சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அவருக்கு ஸ்கேன் வருகிறது, அது முடியட்டும் என்று நினைத்தேன். உனக்கு வேலையில் நெருக்கடி என்று நினைத்தேன். மறைத்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் ஒருக்கால் தெரியட்டுமே என்றும் நினைத்தேன், அதையும் ஒளிக்கவில்லை. பதினொரு நாள் மகனே. ஒவ்வொரு நாளும் எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? வாயைத் திறக்காமல் இருந்தால் மட்டும் போதும், வீடு வழமைபோலவே நடக்கும். நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று அந்தப் பதினொரு நாளில்தான் எனக்கு விளங்கியது.

இன்று காலை அவரைக் குந்தவைத்துச் சொன்னேன். "எத்தின நாளா?" என்றார். சொன்னேன். "பதினொரு நாளா! என்னட்டச் சொல்லாம?" என்று எழுந்துவிட்டார். அவருடைய முகம் போன போக்கைக் கண்டேன். திருப்பித் தாக்கிவிட்டேன் என்ற சந்தோசம் எனக்கு வரும் என்றுதான் இருந்தேன். வரவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் செய்தது பெரிய பிழை புள்ள" என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு, முதல் தடவையாக.

வியாழக்கிழமை காலை மட்டக்களப்புக்குப் போகிறோம். ஊசி போட்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். முடிவு வரக் கிழமைக் கணக்கில் ஆகலாம். அப்பா என்னோடு உள்ளே வருவார், நானே கேட்டுக்கொண்டேன். நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, டிக்கட் ஒன்றும் எடுக்காதே. பின்னேரம் ஐந்து மணிக்குப் போன் எடு. டொக்டர் என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல்லுவேன், நல்லதென்றாலும் கெட்டதென்றாலும். அழுகை வந்தால் என் காதுக்குள்ளேயே அழு. குளியலறைக்குப் போகாதே.

அம்மா